மீனுக்கு வழி கோரிய மருத்துவர்

காவிரியின் கிளையாகிய அரசலாறு காரைக்காலில் கடலோடு கலக்கின்றது. அதற்கு வடக்கே கொள்ளிடம் கடலை அடைகின்றது. வெள்ளம் பெருகும் காலத்தில் உல்லம் என்னும் மீன் கடலை விட்டுக் கொள்ளிடத்தில் எதிரேறிச் சென்று நன்னீரில் முட்டையிட்டு வந்தது. 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் அவ்வாற்றின் குறுக்கே மேலணையையும் கீழணையையும் கட்டுவித்தார். அதனால் சோழவள நாட்டு வயல்கள் செழித்தன. ஆயினும், கீழணை மீனின் வழியை மறித்தது. இத்தகைய இடரை ஆராய்ந்தவர் பிரான்சிஸ் டே என்னும் பேரறிஞர் ஆவார்.

டே 1829-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டுச் சசெக்ஸில் பிறந்தார். மருத்துவம் பயின்று, 1852-இல் சென்னைப் படையில் மருத்துவராகச் சேர்ந்தார். கொச்சியில் பணியாற்றிய நாளில் மீன்களைத் திரட்டி இனம் பிரித்து ஆராய்ந்தார். மலபார் மீன்களைப் பற்றிய அவரது நூல் 1865-இல் வெளிவந்தது.

அணைகளால் மீன்வளம் குன்றுமோ என்னும் ஐயத்தை அரசினரிடம் எழுப்பியவர், அவற்றைக் கட்டிய காட்டனே ஆவார். தம் பணியின் குறையையும் எண்ணிப் பார்த்த அப்பெருந்தன்மை போற்றத்தக்கது. ஆராயும் பொறுப்பு டேயிடம் ஒப்புவிக்கப்பட்டது. மேலேற இயலாத மீன்கள் அணையடியில் திரண்டு நின்று, வலைஞர் கையில் எளிதில் அகப்படுவதை அவர் அறிந்தார். பின்னர் அவர் இந்திய மீன்வளத் துறையின் தலைமைக் கண்காணிப்பாளரானார். அணைகளில் மீன் ஏற வழி விடுதல் வேண்டும், குஞ்சுகளை அள்ளும் நுண்கண் வலைகளைத் தடுத்தல் வேண்டும் என்பன அவர் கூறிய வழிகளாகும். அவரது அறிக்கை 1873-இல் வெளிவந்தது. இந்திய மீன்கள் என்னும் பெருநூல் 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது.

1889-இல் டே மறைந்தார். இந்திய மீன்வளச் சட்டம் 1897-இல்தான் பிறந்தது. கீழணையில் பிற்காலத்தில் அமைத்த மீனேணி உல்லத்திற்குப் போதிய பயன் தரவில்லை. சால்மன் மீனைப் போலத் துள்ளித் தாவும் இயல்பு உல்லத்திற்கு இல்லை. ஆதலின், வழி அமைப்போர் முதலில் மீனின் இயல்பை அறிதல் வேண்டும்.

வாய்க்காலின்மேல் சாலைக்காக அமைக்கும் சிறு குழாய்ப்பாலத்திற்கும் இவ்வுண்மை பொருந்தும். குழாயின் வாய் கீழுள்ள நீர்மட்டத்திற்கு மேல் உயர்ந்து நின்றால் சிறுமீன் ஏற இயலாது. குழாய் குறுகினால் நீரின் விரைவு மிகும். மீன் களைத்துப் பின்வாங்கும். குழாயை வாய்க்காலின் அகலத்திற்கேற்ப அகலமாக்கி, அதன் அடியைப் படுகைக்குச் சற்றுக் கீழே தாழ்த்தி அமைத்தால் மீன் தடையின்றிச் செல்லும்.

உழவர்க்கு நீர் இன்றியமையாதது. மீனவர்க்கு மீன் இன்றியமையாதது. ஒன்றைக் காக்க மற்றொன்றை இழக்க வேண்டுவதில்லை என்பதே டேயின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.