மின்தூக்கி இயக்கிய கவிஞர் பால் லாரன்ஸ் டன்பார்

1890களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள டேட்டன் நகரில், கல்லஹான் கட்டடத்தின் மின்தூக்கியை இயக்கிய இளையருக்கு வாரச் சம்பளம் 4 டாலர். ஆள் ஏறாத நேரங்களில் அவர் படித்துக்கொண்டிருப்பார், இல்லாவிட்டால் எழுதிக்கொண்டிருப்பார். பள்ளி இலக்கிய மன்றத்தின் தலைவராகவும் பள்ளி இதழின் ஆசிரியராகவும் இருந்தவர் அவர். ஆனால் நாளிதழ் அலுவலகங்களும் வணிக நிறுவனங்களும் கறுப்பினத்தவர் என்பதால் அவருக்கு எழுத்து வேலை தர மறுத்துவிட்டன. கிடைத்தது மின்தூக்கி மட்டுமே.

அவர்தான் பால் லாரன்ஸ் டன்பார். கறுப்பின ஆடவர் வெளியே காட்டும் முகத்துக்கும் உள்ளே சுமக்கும் துயரத்துக்கும் இடையே உள்ள தூரத்தை அமெரிக்கக் கவிதைக்குள் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர்.

1872 ஜூன் 27ஆம் தேதி பிறந்தார். பெற்றோர் இருவருமே கென்டக்கியில் அடிமைகளாக இருந்தவர்கள். தந்தை ஜோஷுவா கனடாவுக்குத் தப்பி ஓடியவர். உள்நாட்டுப் போரின்போது திரும்பி வந்து, வடக்குப் படையில் சேர்ந்து போரிட்டார். குடும்பம் நிலைக்கவில்லை; பெற்றோர் பிரிந்தனர். 1885இல் தந்தை இறந்தார். தாய் மட்டில்டா பிறர் வீட்டுத் துணிகளைத் துவைத்து மகனைப் படிக்க வைத்தார். தோட்டங்களில் அடிமைகள் பேசிய மொழி, அவர்கள் பாடிய பாட்டு, சொன்ன கதை எல்லாமே தாயின் வாய்வழியாகத்தான் டன்பாருக்கு வந்து சேர்ந்தன.

உயர்நிலைப் பள்ளி வகுப்பில் அவர் ஒருவரே கறுப்பினத்தவர். உடன் படித்தவர்களில் ஒருவர் ஓர்வில் ரைட், பின்னாளில் அண்ணன் வில்பருடன் சேர்ந்து விமானத்தை வானில் பறக்கவிட்டவர். அப்போது அந்தச் சகோதரர்கள் சிறிய அச்சகம் ஒன்றை நடத்திவந்தார்கள். 1890இல் டன்பார் கறுப்பின வாசகர்களுக்காக நடத்திய 'டேட்டன் டாட்லர்' வார இதழ் அங்குதான் அச்சானது. பணம் இல்லாததால் சில வாரங்களிலேயே நின்றுபோனது.

முதல் கவிதை நூலான 'ஓக் அண்ட் ஐவி'யைக் கடன் சொல்லித்தான் அச்சிட்டார். பிரதி ஒரு டாலர் என்று மின்தூக்கியில் ஏறி இறங்கியவர்களிடமே விற்று, அந்தக் கடனை அடைத்தார். 1893 சிக்காகோ உலகக் கண்காட்சியில், அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய மூத்த தலைவர் பிரடெரிக் டக்ளஸ், ஹைட்டி நாட்டு அரங்கில் அவருக்கு வேலை கொடுத்து அரவணைத்தார்.

திருப்பம் 1896இல் வந்தது. அன்றைய செல்வாக்குமிக்க விமர்சகர் வில்லியம் டீன் ஹொவெல்ஸ், 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' இதழில் டன்பாரின் இரண்டாம் நூலைப் பாராட்டி எழுதினார். கட்டுரை வெளிவந்த நாள் டன்பாரின் 24வது பிறந்தநாள். ஒரே இரவில் நாடு முழுதும் பெயர் பரவியது என்று சொன்னாலும் மிகையில்லை.

அந்தப் பாராட்டே விலங்காகவும் மாறியது. தோட்டத்து மக்களின் பேச்சு வழக்கில் எழுதிய கவிதைகளையே ஹொவெல்ஸ் உயர்த்திப் பிடித்தார். அதன் பிறகு பத்திரிகைகளும் கூட்டங்களும் அதையே திரும்பத் திரும்பக் கேட்டன. வெள்ளையர்களுக்குச் சிரிக்கவைக்கும் கறுப்பர் வேண்டும். சிந்திக்கும் கறுப்பர் வேண்டாம். பாராட்டியவர் தமக்குத் தீராத தீங்கு செய்துவிட்டதாக டன்பாரே கடிதத்தில் குறைபட்டுக்கொண்டார். காதில் வாங்கவைக்க அந்த வழக்கில் எழுத வேண்டியிருந்தது என்று எழுத்தாளர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனிடம் பின்னர் மனம் விட்டுச் சொன்னார்.

ஹொவெல்ஸ் பாராட்டிய அதே நூலில்தான் முகமூடி பற்றிய அவரது புகழ்பெற்ற கவிதையும் இருந்தது. மொத்தம் 15 வரி. கறுப்பர் என்ற சொல்லே அதில் இல்லை. சிரித்த முகத்தை ஊருக்குக் காட்டி, உள்ளே குமுறும் வேதனையை ஒளித்துக்கொள்ளும் கூட்டத்தின் குரலாக அது பேசுகிறது. வாசகர்கள் சிரிப்பைக் கேட்ட அந்தக் காலத்திலேயே, அந்தச் சிரிப்பு எதை மறைக்கிறது என்பதையும் அவர் எழுதி வைத்துவிட்டார்.

1897இல் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் வேலை கிடைத்தது. நிரந்தர வருமானம், ஆனால் நூல் அடுக்குகளின் தூசியும் வெக்கையும் உடம்பை வாட்டின. அங்கிருந்த இரும்புக் கம்பித் தடுப்புகள் பறவைக் கூண்டின் கம்பிகளாக அவருக்குத் தெரிந்தன என்று மனைவி ஆலிஸ் பின்னர் எழுதினார். அப்படிப் பிறந்ததுதான் 'சிம்பதி' என்ற கவிதை. அதன் ஒரு வரியையே மாயா ஏஞ்சலோ 1969இல் தம் தன்வரலாற்றுக்குத் தலைப்பாக்கினார்.

உரைநடையில் அவர் இன்னும் துணிந்தார். முதல் மூன்று நாவல்களின் மையத்தில் கறுப்பினத்தவர் இல்லை. நான்காவதான 'தி ஸ்போர்ட் ஆஃப் தி காட்ஸ்' (1902) வேறு ரகம். ஒரு வெள்ளையர் வீட்டில் நெடுங்காலம் உழைத்த பெர்ரி ஹாமில்டன் மீது பொய்யாகத் திருட்டுப் பழி விழுகிறது. சிறுகச் சிறுகச் சேர்த்த சேமிப்பே அவருக்கு எதிரான சாட்சியாகிறது. அவர் சிறைக்குப் போக, குடும்பம் நியூயார்க் போய்ச் சிதறுகிறது, மகன் கொலைகாரனாகிறான். விடுதலையாகி வரும் பெர்ரி பழைய பெர்ரி இல்லை. பணிவும் பக்தியும் நிறைந்த மனத்தில் கொலைவெறி எப்படி மூளுகிறது என்பதை டன்பார் மறைக்காமல் காட்டினார்.

அவரது சொந்த வாழ்க்கையையும் மறைப்பதற்கில்லை. ஒரு பத்திரிகையில் கவிதையும் படமும் பார்த்து, கடிதம் எழுதி, 1898இல் மணந்த ஆலிஸ் தாமும் எழுத்தாளர். டன்பாருக்குக் காசநோய் வந்தது. மருத்துவர்கள் விஸ்கியைப் பரிந்துரைத்த காலம் அது. மது பழக்கமானது. ஆனால் மதுவின்மீது மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது. திருமணத்துக்கு முன்பே அவர் ஆலிஸிடம் வன்முறை காட்டியதை அவர்களது கடிதங்களை ஆராய்ந்தவர்கள் பதிவு செய்துள்ளனர். 1902 ஜனவரியில் கடுமையாக அடித்தார். ஆலிஸ் வெளியேறினார். மன்னிப்புக் கேட்டு எத்தனையோ கடிதங்கள் போயின. அவர் திரும்பவே இல்லை. விவாகரத்தும் நடக்கவில்லை. கணவரின் குடும்பப்பெயரை மட்டும் கடைசிவரை வைத்துக்கொண்டார்.

டன்பார் தாயிடமே திரும்பினார். 1904இல் டேட்டனில் அவருக்காக வாங்கிய வீட்டில், படுக்கையில் இருந்தபடியும் எழுதினார். 1906 பிப்ரவரி 9ஆம் தேதி காலமானபோது வயது 33. அதற்குள் ஏறத்தாழ 12 கவிதை நூல்கள், 4 சிறுகதைத் தொகுப்புகள், 4 நாவல்கள்.

மட்டில்டா மகனுக்குப் பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். மகனின் படிப்பறையை அவர் விட்டுப்போனபடியே பாதுகாத்தார். 1934இல் அவரும் மறைந்த பிறகு ஒஹையோ மாநிலம் அந்த வீட்டை நினைவில்லமாக்கியது. டன்பார் அடக்கமாகியுள்ள உட்லண்ட் கல்லறைத் தோட்டத்தில்தான் அவரது பள்ளித் தோழர் ஓர்வில் ரைட்டும் இருக்கிறார்.