வாள்வீரர் ரஞ்சன்

அமெரிக்க நாட்டில் தொலைக்காட்சி பரவிய காலத்தில், குதிரையேறித் துப்பாக்கி ஏந்திய மாடு மேய்ப்பர்களின் வீரக் கதைகள் வாரந்தோறும் வீடுகளுக்கு வந்தன. அவற்றில் நடித்தோர் அந்நாட்டுச் சிறுவர்களின் நாயகர்களாயினர். மும்பைக்குத் தொலைக்காட்சி 1972ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்கு முன் நம் மக்களுக்குத் திரையரங்கே எல்லாம். அங்கும் குதிரை உண்டு. ஆனால் வீரன் கையில் இருந்தது வாள். அவ்வாறு வாளேந்திப் புகழ்பெற்ற தமிழ் நடிகர் ரஞ்சன்.

இவர் 1918ஆம் ஆண்டு பிறந்தார். இயற்பெயர் இராமநாராயண வேங்கடரமண சர்மா. இசை, நாட்டியம், பத்திரிகைப் பணி, வானூர்தி ஓட்டுதல் எனப் பல துறைகளில் ஈடுபாடு கொண்டிருந்தார். 1941ஆம் ஆண்டு வெளிவந்த ‘அசோக்குமார்’ படத்தில் இவர் ஏற்ற வேடம் புத்தர். அமைதியே வடிவான அக்கோலத்தில் இவரைக் கண்டோர், ஏழே ஆண்டுகளில் இவரைக் கொடியவனாகக் காண்போம் என்று கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள். இடையில் ‘மங்கம்மா சபதம்’ படத்தில் தந்தை, மகன் என்னும் இரு வேடங்களையும் இவரே ஏற்றார்.

1948ஆம் ஆண்டு ஜெமினி நிறுவனத்தின் எஸ்.எஸ்.வாசன் ‘சந்திரலேகா’வை வெளியிட்டார். அரியணைக்கும் சந்திரலேகா என்னும் ஆடல் மங்கைக்கும் ஆசைப்பட்டு அண்ணனையே பகைக்கும் இளவரசன் சசாங்கனாக ரஞ்சன் நடித்தார். அண்ணன் வீரசிம்மனாக நடித்தவர் எம்.கே.ராதா, சந்திரலேகாவாக நடித்தவர் டி.ஆர்.ராஜகுமாரி. அரண்மனை முற்றத்தில் மாபெரும் முரசுகளின்மேல் பெண்கள் ஆடுவர். ஆட்டம் முடிந்ததும் முரசுகள் திறக்க, உள்ளே மறைந்திருந்த வீரர்கள் வெளியே பாய்வர். பின்னர் அண்ணனும் தம்பியும் வாளெடுத்து நெடுநேரம் பொருவர். சசாங்கன் தோற்பான். தோற்பவன்மீதே பார்வையாளர் கண் நிலைத்தது என்றால், அதற்குக் காரணம் ரஞ்சனின் வாள்வீச்சும் மிடுக்குமே.

அதே ஆண்டில் சந்திரலேகா இந்தியிலும் வெளிவந்து நாடெங்கும் ஓடியது. அடுத்த ஆண்டு ஜெமினி எடுத்த ‘அபூர்வ சகோதரர்கள்’ தமிழ்ப் படத்தில் இரட்டை வேடம் ராதாவுக்கே உரியதாயிற்று. ஆனால் அதன் இந்தி வடிவமான ‘நிஷான்’ படத்தில் அவ்விரு வேடங்களும் ரஞ்சனுக்குக் கிடைத்தன! தமிழில் கொடியவனாக நடித்தவர் இந்தியில் நாயகரானார். ‘மங்களா’, ‘சிந்துபாத்’ என இந்திப் படங்கள் தொடர்ந்தன.

காட்கோபர், செம்பூர், தாராவிப் பகுதித் தமிழர்கள் தமிழ்ப் படம் காண மாட்டுங்காவிலுள்ள அரோரா திரையரங்கத்தை நாடிய காலம் அது. அவர்களுக்கு இந்திப் படச் சுவரொட்டியிலும் தம்மவர் ஒருவரின் முகம் தெரிந்தது. பிழைப்புக்காக மொழி கடந்து வந்தவர்களுக்கு அது சிறிய மகிழ்ச்சியாக இருந்திருக்காது.

எனினும், ஊரைவிட்டுச் சென்றவனின் இடம் ஊரில் காலியாகவே இருப்பதில்லை. ரஞ்சன் இந்தியில் நடித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், தமிழ்த் திரையின் வாள்வீரர் என்னும் பெயரை எம்.ஜி.ஆர். பெற்றுவிட்டார். முன்பு ‘சாலிவாகனன்’ படத்தில் ரஞ்சன் நாயகராக இருந்தபோது, அவரை எதிர்த்து வாள்வீசிய துணை நடிகர் அவர். 1957ஆம் ஆண்டு ‘நீலமலைத் திருடன்’ வழியாக ரஞ்சன் தமிழுக்குத் திரும்பினார். குதிரையில் விரைந்தபடி அவர் பாடும் பாடலை இன்றும் முதியோர் நினைவுகூர்வர். படம் வென்றது; ஆனால் பழைய இடம் மீளவில்லை. அதன்பின் தமிழில் சில படங்களே அமைந்தன.

பிற்காலத்தில் அமெரிக்கா சென்ற ரஞ்சன், 1983ஆம் ஆண்டு நியூஜெர்சி மாநிலத்தில் காலமானார்.