கடலூர் மணற்கல்லும் பிளான்ஃபோர்டும்

சிதம்பரத்தின் வண்டல் வயல்களைக் கடந்து வடக்கே செல்வோர் கடலூரையடுத்துச் செந்நிறக் கேப்பர் மலையைக் காண்பர். அம்மலையின் பாறைக்குக் கடலூர் மணற்கல் எனப் பெயரிட்டவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு. 1834இல் இலண்டனில் பிறந்த இவர், 1855இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தார். தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் புதைபடிவங்களை ஆராய்ந்து, கிரிடேசியஸ் காலப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என வகுத்தார். நிலவியலார் இன்றும் அப்பெயர்களையே ஆள்கின்றனர். உடல்நலிவால் 1862இல் அப்பணியை விட்டுக் கல்கத்தாவில் பேராசிரியரானார்; பாறையை நோக்கிய கண்கள் வானை நோக்கின. 1875இல் இந்திய வானிலைத்துறையின் முதல் தலைவரானார். அடுத்த ஆண்டே தென்னகத்தில் பெரும்பஞ்சம் மூண்டது. மழையை முன்னறிதல் உயிர்காக்கும் தேவையாயிற்று. இமயப் பனி மிகுந்தால் பருவமழை குன்றும் எனக் கணித்து, 1884இல் தம் ஆய்வை வெளியிட்டார். 1893இல் மறைந்தார். கடலூர் மணற்கல்லடியில் கிடந்த பழுப்பு நிலக்கரி நெய்வேலியில் வெட்டியெடுக்கப்பட்டது அடுத்த நூற்றாண்டில்தான்.