யந்திரத்துக்குக் கணக்குப் பாஷை கற்பித்த கிரேஸ் ஹாப்பர்

ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலை. வேலை செய்த நாள் எத்தனை, முன்பணம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று பார்த்துத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் சம்பளம் போட வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால் சங்கம். யார் எத்தனை லிட்டர் ஊற்றினார், லிட்டருக்கு என்ன விலை என்று பெருக்கிப் பட்டுவாடா செய்ய வேண்டும். இந்தக் கணக்குகளில் பெரிய கணித சாஸ்திரம் ஒன்றும் இல்லை. ஆனால் ஓர் இலக்கம் தவறினால் ஒரு குடும்பத்தின் மாதம் தவறிப் போகும்.

இத்தகைய கணக்கைக் கணிப்பொறியிடம் ஒப்படைக்கலாம் என்பதோடு, அதற்கு இடும் உத்தரவு கணக்கர்களுக்கும் புரியும் சொற்களில் இருக்க வேண்டும் என்று வாதாடி வென்றார் ஒரு பெண்மணி. அவர்தாம் கிரேஸ் ஹாப்பர். அவர் வகுத்த வழியில் பிறந்த மொழியின் பெயர் கோபால். நம் ஊர்க் கோபாலசாமியை நினைத்துவிட வேண்டாம். பொதுவான வியாபார மொழி என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கொண்டு அமைந்த பெயர் அது.

கடிகாரம் பிரித்த சிறுமி

கிரேஸ் 1906 டிசம்பர் 9 அன்று நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழு வயதில் அவருக்கு ஓர் ஆசை வந்தது. அலாரக் கடிகாரம் எப்படி மணி அடிக்கிறது என்று பார்க்க வேண்டும்! ஒன்றைப் பிரித்தார், திரும்பப் பூட்டத் தெரியவில்லை. அடுத்ததைப் பிரித்தார். இப்படியே வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் பிரிந்து கிடந்தன. தாயார் கடிகாரத்தை அடியோடு மறுத்துவிடவில்லை. இனி ஒன்றே ஒன்றைப் பிரித்துக்கொள்ளலாம் என்று எல்லை வகுத்தார்.

1928-இல் வாசர் கல்லூரியில் பட்டம் பெற்றார். யேல் சர்வகலாசாலையில் 1934-இல் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அமெரிக்காவிலும் அந்நாளில் அப்பட்டம் பெற்ற பெண்கள் சொற்பமே. 1930-இல் வின்சென்ட் ஹாப்பர் என்ற பேராசிரியரை மணந்தார். 1945-இல் அந்த மணம் முறிந்தது. பெயர் மட்டும் நிலைத்தது.

யுத்தம் வந்தபோது வாசர் கல்லூரியில் கணிதம் போதித்துக்கொண்டிருந்தார். கடற்படையில் சேர விரும்பினார். வயது அதிகம், எடை குறைவு என்று தடை வந்தது. மனம் தளராமல் விதிவிலக்குப் பெற்று, 1943 டிசம்பரில் சேர்ந்தார். மறு ஆண்டு ஹார்வர்டு சர்வகலாசாலைக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருக்காகக் காத்திருந்தது மார்க் 1 என்ற பூதம்!

அதன் நீளம் 51 அடி. உயரம் 8 அடி. வினாடிக்கு மூன்று கூட்டல் செய்யும். ஜக்கார்டு தறியில் பூ வேலைக்குத் துளையிட்ட அட்டை மாட்டுவதை நம் பக்கத்து நெசவாளர்கள் அறிவார்கள். அதுபோலவே இந்த யந்திரத்துக்குக் காகித நாடாவில் துளையிட்டு உத்தரவு தர வேண்டும். அதை இயக்கும் முறையை விளக்கி, சுமார் 500 பக்கம் கொண்ட கையேட்டை ஹாப்பர் எழுதி முடித்தார்.

யந்திரமே சேகரிக்கட்டும்

யுத்தம் முடிந்தது. 1949-இல் யூனிவாக் என்ற கணிப்பொறியை உருவாக்கிக்கொண்டிருந்த கம்பெனியில் அவர் சேர்ந்தார். அங்கே ஒன்றைக் கவனித்தார். ஒரு சமயம் எழுதிய உத்தரவுகளையே அடுத்த வேலைக்கும் கையால் பிரதி எடுத்தார்கள். பிரதி எடுக்கும்போதெல்லாம் பிழை புகுந்தது. அலுப்பான இந்த வேலையை யந்திரமே செய்தால் என்ன? 1952-இல் அதற்கு ஒரு வழி கண்டார். பழைய உத்தரவுகளுக்கு அடையாள எண் கொடுத்துவிட்டால், அவற்றைத் தேடி எடுத்துக் கோத்து, ஓடத் தயாராக யந்திரமே அமைத்துவிடும். பலர் நம்பவில்லை. கணிப்பொறி கணக்குப் போடும், வேறொன்றும் அறியாது என்றார்கள். அதுதான் அந்நாளைய எண்ணம்.

ஹாப்பர் அதோடு நிற்கவில்லை. வியாபாரிகள் குறியீடுகளை விரும்ப மாட்டார்கள். அவர்களுக்குச் சொற்கள் வேண்டும் என்றார். ஆங்கிலச் சொற்களாலேயே உத்தரவு தரும் முறையை நிர்வாகிகளுக்குச் செய்து காட்டினார். பிறகு அதே உத்தரவை பிரெஞ்சுச் சொற்களிலும் ஜெர்மன் சொற்களிலும் தந்தார். அப்போதும் யந்திரம் வேலை செய்தது. நிர்வாகிகள் மகிழவில்லை, திகைத்தார்கள்! அமெரிக்காவில் செய்த யந்திரத்துக்கு அந்நிய பாஷை எப்படித் தெரியும் என்று அவர்களுக்குச் சந்தேகம். ஆங்கிலம் மட்டுமே உபயோகிப்போம் என்று சமாதானப்படுத்துவதற்குள் மாதங்கள் கடந்தன. யந்திரத்துக்குத் தாய்மொழி கிடையாது, எந்தச் சொல்லானாலும் அதற்கு வெறும் அடையாளமே என்று ஹாப்பர் அன்றே கண்டுகொண்டார்.

கோபால் பிறந்தது

அந்நாளில் ஒவ்வொரு கம்பெனியின் யந்திரத்துக்கும் ஒவ்வொரு பாஷை. யந்திரத்தை மாற்றினால் கணக்கு முழுவதையும் மறுபடி எழுத வேண்டும். 1959 மே மாதம் அமெரிக்க ராணுவத் தலைமையகத்தில், எல்லா யந்திரங்களுக்கும் பொதுவாக ஒரு வியாபார மொழி காண ஒரு கூட்டம் கூடியது. மொழியை வகுத்தது ஒரு குழு. ஹாப்பர் ஆலோசகராக இருந்தார். அவர் முன்பு அமைத்த புளோமேட்டிக் என்ற மொழியே அதற்குப் பெரிதும் அடிப்படையாயிற்று. 1960 டிசம்பரில் இரு வேறு கம்பெனிகளின் யந்திரங்களில் ஒரே கோபால் கணக்கை ஓட்டிக் காட்டினார்கள்.

நம் பால் சங்கக் கணக்கைக் கோபாலில் எழுதினால், லிட்டரை விலையால் பெருக்கித் தொகையில் வை என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதுவது போலவே இருக்கும். முடிவில் முற்றுப்புள்ளியும் உண்டு.

அந்த முற்றுப்புள்ளிதான் பலரை அழவைத்தது! கோபால் எழுதிப் பழுத்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். கட்டம் போட்ட தாளில் எழுதி, 80 கட்டங்கள் கொண்ட அட்டைகளில் துளையிட்டு, அடுக்கி, யந்திரத்தில் தம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு புள்ளி விட்டுப் போனால் பக்கம் பக்கமாகப் பிழைப் பட்டியல் வரும். அட்டைக் கட்டு கை தவறி விழுந்துவிட்டாலோ, மறுபடி வரிசைப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அட்டையில் இடத்தை மிச்சப்படுத்த, ஆண்டைக் கடைசி இரு இலக்கங்களால் மட்டும் குறிப்பது வழக்கமாயிற்று. 2000 பிறந்தால் யந்திரம் அதை 1900 என்று எண்ணிவிடுமே! இந்த அபாயத்தைக் களைய, 1990-களின் இறுதியில் உலகெங்கும் கோபால் அறிந்தவர்களைத் தேடினார்கள். அந்த வேலையில் பெரும் பங்கு இந்தியக் கம்பெனிகளுக்குக் கிடைத்தது. தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர், முகம் அறியாத யாரோ எப்போதோ எழுதிய வரிகளைப் படித்துத் திருத்தினார்கள். ஒருவர் எழுதியதை மற்றொருவர் படிக்க முடிய வேண்டும் என்று ஹாப்பர் வற்புறுத்தியதன் பயன் அப்போது தெரிந்தது.

ஓய்வு கொடுத்தும் விடவில்லை

1966 இறுதியில் கடற்படை ஹாப்பருக்கு ஓய்வு கொடுத்தது. அடுத்த ஆகஸ்டிலேயே, கடற்படையின் கணிப்பொறி மொழிகளை ஒழுங்குபடுத்த ஆறு மாதத்துக்கு வரும்படி அழைத்தது. அந்த ஆறு மாதம் ஏறத்தாழ 19 ஆண்டுகள் நீடித்தது! ரியர் அட்மிரல் பதவிக்கு உயர்ந்து, 1986 ஆகஸ்டில், தமது 79-ஆம் வயதில் விடைபெற்றார்.

பிரசங்கத்துக்குப் போகும்போது ஒரு கட்டுக் கம்பி கொண்டு போவார். ஒவ்வொரு துண்டும் ஓர் அடிக்குச் சற்றுக் குறைவு. வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் மின்சாரம் செல்லக்கூடிய அதிகபட்ச தூரம் அது. யந்திரத்தின் நேரத்தை வீணாக்குவோர் கண்ணால் பார்க்கட்டும் என்று அதைக் கொடுப்பார். அவர் அறையில் கடிகாரம் ஒன்று இடப்புறமாகச் சுற்றும். ஆனால் சரியான நேரம் காட்டும். எப்போதும் இப்படித்தானே செய்து வந்தோம் என்பவர்களுக்கு அதுவே அவருடைய பதில்.

1992 ஜனவரி முதல் தேதி ஹாப்பர் காலமானார். பின்னர் ஒரு போர்க்கப்பலுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2016-இல், மறைந்து 24 ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்க ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் வழங்கப்பட்டது.

அவருடைய மொழியோ ஓய்வு பெறவில்லை. 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில், வேலை இழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்து பழைய யந்திரங்கள் திணறியபோது, அமெரிக்காவின் நியூஜெர்சி மாகாண கவர்னர் கோபால் அறிந்தவர்களை உதவிக்கு அழைத்தார். இளைஞர்கள் பழங்கதை என்று ஒதுக்கிய மொழியைத் தெரிந்தவர்களுக்காக ஓர் அரசாங்கமே காத்திருந்தது!