எந்தச் சபை? எந்த வேதாகமம்? பண்டித ரமாபாய் அம்மையாரின் போராட்டம்

நம்ம ஊத்தங்கரைப் பக்கம் புதுசா இரட்சிக்கப்பட்டவர்கள் முதல் மாசத்திலேயே கேட்கிற கேள்வி ரெண்டு. எந்தச் சபைக்குப் போறது? எந்த வேதாகமம் வாங்குறது? பழைய மொழிபெயர்ப்பு புரியல என்பார் ஒருவர். புதுசுல ருசி இல்லை என்பார் இன்னொருவர். வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவர்களுக்குக் குழப்பம் இன்னும் அதிகம். இதே கேள்விகளோடு வாழ்நாள் முழுக்கப் போராடின ஒரு தாயார் பண்டித ரமாபாய்.

1858ஆம் வருஷம் கர்நாடகத்து மலைக்காட்டில், கங்காமூலாவில், பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். பெண்பிள்ளைக்குச் சமஸ்கிருதம் சொல்லித்தரக் கூடாது என்றிருந்த காலத்தில் தகப்பனார் துணிந்து சொல்லித்தந்தார். பஞ்சத்தில் தாய் தகப்பனை இழந்து, அண்ணனோடு கால்நடையாகவே கல்கத்தா சேர்ந்தார். அங்கே பண்டிதர்கள் இவருடைய கல்வியைக் கண்டு பட்டம் கொடுத்தார்கள்.

அங்கேதான் முதன்முதல் ஒரு வேதாகமம் கைக்கு வந்தது, அதுவும் சமஸ்கிருதத்தில். சமஸ்கிருதம் கரைத்துக் குடித்தவருக்கே அந்த நடை ஒட்டவில்லை. படிப்பது வீண் என்று வைத்துவிட்டார். பிறகு, கல்யாணமாகி அஸ்ஸாம் பக்கம் சில்சாரில் இருந்தபோது, வீட்டுப் புத்தகங்களுக்குள் வங்காளியில் லூக்கா சுவிசேஷம் ஒன்று அகப்பட்டது. சின்னப் புத்தகம்தான். ஆனால் அது அவரை விடவில்லை. பெரிய பாஷை செய்யாததை வீட்டில் புழங்கின பாஷை செய்தது, பார்த்தீர்களா!

1882ல் புருஷன் காலராவில் இறந்தார். கைக்குழந்தை மனோரமாவோடு 1883ல் இங்கிலாந்து போனார். வைத்தியம் படிக்க ஆசை. காது கேளாமை தடுத்தது. அந்த வருஷம் செப்டம்பர் 29ஆம் தேதி வான்டேஜ் என்ற ஊரில், ஆங்கிலிக்கன் சகோதரிகள் மடத்தில், மகளோடு ஞானஸ்நானம் பெற்றார்.

அதோடு பிரச்சினை தீர்ந்ததா? இல்லை, அங்கேதான் ஆரம்பித்தது. ஒரே கிறிஸ்துவைச் சொல்லிக்கொண்டு இத்தனை பிரிவுகளா என்று திகைத்தார். ஆண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லக் கூடாது என்று பிஷப்மார் தடை சொன்னபோது மனசு கொதித்தது. ஒரு குருக்கள் கூட்டத்தின் நுகத்தை உதறி வந்தவள், இன்னொரு நுகத்துக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன் என்ற கருத்தில், தன்னை மகளாகப் பாவித்த ஜெரால்டின் சகோதரிக்கே கடிதம் எழுதினார். சிலுவையில் லத்தீன் எழுத்து எதற்கு, சமஸ்கிருதம் இருக்கட்டும் என்றும் வாதாடினார். பெருமைக்காரி என்று பெயர் வந்தது. சபையின் உபதேசம் முழுவதையும் ஒப்புக்கொள்ள முடியாமலும், கிறிஸ்துவை விட முடியாமலும் தவித்த காலம் அது. ஞானஸ்நானம் பெற்று சுமார் எட்டு வருஷம் கழித்துத்தான், தான் கண்டது கிறிஸ்தவ மதத்தையே, கிறிஸ்துவை அல்ல என்று உணர்ந்து, அவரிடத்தில் முழுசாகத் தன்னை ஒப்புக்கொடுத்தார்.

1889ல் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதன் தொடங்கினார். பின்பு பஞ்சத்தில் தவித்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு புனேவுக்குப் பக்கத்தில் கேட்காவ் ஊரில் முக்தி மிஷனைக் கட்டினார். அதை எந்த ஒரு சபைப் பிரிவுக்கும் உட்படுத்தாமல் நடத்தினார். மெதடிஸ்ட் ஊழியக்காரி மின்னி ஏப்ரம்ஸ் அம்மாள் முதல் பலரும் அங்கே ஊழியம் செய்தார்கள்.

வேல்ஸ் தேசத்து எழுப்புதலைக் கேள்விப்பட்டு 1905 ஜனவரியில் சுமார் 70 பேர் தினமும் கூடி ஜெபித்தார்கள். ஜூன் முடிவில் ஆவியானவர் இறங்கினார். அமெரிக்காவில் அசுசா தெருவில் எழுப்புதல் தொடங்கினது 1906 ஏப்ரலில். முக்தி அதற்கும் முந்தினது. அந்நியபாஷை பேசினவர்களை ரமாபாய் தடுக்கவில்லை. எல்லாரும் பேசியே ஆகணும் என்றும் சொல்லவில்லை. நம்மில் சிலருக்கு இது இடறலாய் இருக்கும். நடந்தது என்னவோ அதுதான்.

மொழிபெயர்ப்புக் கேள்வி மட்டும் பாக்கி. அப்போதிருந்த மராத்தி வேதாகமத்தில் சமஸ்கிருதச் சொல் அதிகம். கிராமத்து விதவைக்கு எட்டாது. ஆகவே எபிரெயுவும் கிரேக்கும் கற்று, தன்னந்தனியாக முழு வேதாகமத்தையும் எளிய மராத்தியில் பெயர்க்க உட்கார்ந்தார். பதினைந்து வருஷத்துக்கும் மேல் பிடித்தது. 1921ல் மகள் மனோரமாவும் இறந்துபோனாள், வேலை நிற்கவில்லை. 1922 ஏப்ரல் 5ஆம் தேதி அம்மையார் மரிப்பதற்குச் சற்று முன்புதான் முடிந்தது. எழுத்துக்கூட்டி வாசிக்க முக்தியிலேயே படித்த பெண்கள், அங்குள்ள அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தார்கள். 1924ல் புத்தகம் வெளியே வந்தது.