முகம் கொடுத்த டாக்டர் கில்லீஸ்

பிழைப்புக்காகப் பெங்களூர் வந்து லிங்கராஜபுரம் தெருக்களில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல. கட்டட வேலைக்குப் போகிறவர்களும் உண்டு, ஆபீசில் கணக்கு எழுதுகிறவர்களும் உண்டு. எந்த வீடானாலும், பிறந்த குழந்தையின் மேல் உதடு பிளந்திருந்தால் முதலில் கிளம்பும் பேச்சு ஒன்றுதான். தாய் கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தைப் பார்த்துவிட்டாள் என்று பழி அவள் தலையில் விழும். குழந்தை சேலைத் தலைப்புக்குள் மறைந்துவிடும்.

கிரகணத்துக்கும் உதட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கரு உருவாகும் முதல் மூன்று மாதத்துக்குள் முகத்தின் பகுதிகள் இரு பக்கங்களிலிருந்தும் வளர்ந்து வந்து நடுவே ஒன்றுசேர வேண்டும். சேராமல் நின்றுவிட்டால் உதட்டில் பிளவு ஏற்படும். வாயின் மேல்கூரையில் சேராமல் நின்றால் அது அண்ணப் பிளவு. உலகில் சுமார் 700 குழந்தைகளுக்கு ஒன்று இப்படிப் பிறக்கிறது.

இதைச் சரி செய்வது தனி ஒரு டாக்டரால் ஆகிற காரியம் அல்ல. ஆபரேஷன் டாக்டர், பல் டாக்டர், மயக்க மருந்து கொடுப்பவர், பேச்சுப் பயிற்சி தருபவர் எல்லாரும் கூடிச் செய்ய வேண்டியது. இப்படிக் கூடி வேலை செய்யும் வழக்கத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் சர் ஹெரால்டு கில்லீஸ்.

கடைக்குட்டிப் பிள்ளை

நியூசிலாந்து நாட்டில் டனீடின் நகரில் 1882-ம் ஆண்டு ஜூன் 17-ந்தேதி கில்லீஸ் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் இவரே கடைசி. சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். சிறுவனாக இருந்தபோது ஒடிந்த முழங்கை ஆயுள் முழுவதும் சரியாக மடங்கவில்லை. அந்தக் கையோடுதான் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காகப் படகுப் போட்டியில் துடுப்புப் போட்டார். கோல்ப் ஆட்டத்திலும் பெயர் வாங்கினார். லண்டனில் மருத்துவம் படித்து, காது-மூக்கு-தொண்டை டாக்டரானார்.

முதல் உலகப் போர் அவருடைய வழியைத் திருப்பியது. 1915-ல் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் பிரான்சுக்குப் போனார். பதுங்கு குழியிலிருந்து தலையைத் தூக்கிய வீரர்களுக்கு முகத்தில்தான் குண்டு பட்டது. தாடையும் மூக்கும் பறிபோய் வந்தவர்களுக்குக் காயத்தின் ஓரங்களை இழுத்துத் தைத்து அனுப்பினார்கள். காயம் ஆறியபோது முகம் கோணிக்கொண்டது.

அங்கே வலாடியர் என்ற பல் டாக்டர், உடைந்த தாடையை ஒழுங்குபடுத்தப் பாடுபட்டுக் கொண்டிருந்தார். எலும்பு சரியாக நின்றால்தான் மேலே தோல் சரியாக நிற்கும் என்பதைக் கில்லீஸ் கண்டுகொண்டார். பிறகு பாரீசில், மோரெஸ்டின் என்ற நிபுணர் ஒரு நோயாளியின் முகத்திலிருந்த கட்டியை அகற்றி, பக்கத்துத் தோலைத் திருப்பி அந்த இடத்தை மூடியதைப் பார்த்தார். இனி இதுவே தன் வேலை என்று தீர்மானித்தார்.

ஒரே கூரையின் கீழ்

இங்கிலாந்து திரும்பி, 1916-ல் ஆல்டர்ஷாட் ராணுவ ஆஸ்பத்திரியில் முகக் காயத்துக்கென்று தனி வார்டு பெற்றார். காயம்பட்டவர்கள் வேறு இடங்களுக்குப் போய்விடக்கூடாது என்று தன் சொந்தப் பணத்தில் முகவரிச் சீட்டுகள் வாங்கிப் போர்முனைக்கு அனுப்பினார். சோம் நதிக்கரைச் சண்டைக்குப் பிறகு 200 பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் 2,000 பேர் வந்து சேர்ந்தார்கள். வார்டு போதவில்லை. 1917-ல் சிட்கப் என்ற ஊரில் இதற்கென்றே ஒரு பெரிய ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அங்கே 5,000-க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு 11,000-க்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள் நடந்தன.

எண்ணிக்கையைவிடப் பெரியது அங்கே நடந்த கூட்டு வேலை. தாடையையும் பல்லையும் கெல்சி பிரை என்ற பல் டாக்டர் கவனித்தார். ஹென்றி டாங்ஸ் என்ற ஓவியர் காயம்பட்ட முகங்களை வரைந்து வைத்தார். மயக்க மருந்துக்கு முகத்தின்மேல் மூடி வைத்தால் ஆபரேஷன் டாக்டருக்குக் கை வைக்க இடமில்லை. போர் முடிந்தபின் அங்கு வந்த மாகில், ரோபாதம் என்ற இருவர் மூச்சுக்குழாய்க்குள் ரப்பர் குழாய் செலுத்தி மயக்கம் கொடுக்கும் முறையை வளர்த்தார்கள். இன்று பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தையின் உதட்டைத் தைக்கும்போதும் அந்த வழியில் வந்த முறைதான் துணை நிற்கிறது.

சிட்கப் வார்டுகளில் கண்ணாடி வைக்க அனுமதி இல்லை. ஆஸ்பத்திரி சாலையில் சில பெஞ்சுகளுக்கு நீல வர்ணம் பூசியிருந்தார்கள். முகம் சிதைந்த வீரர்கள் அங்கே உட்காரலாம், ஊர்க்காரர்கள் திடுக்கிடாமல் இருக்க அது முன்னறிவிப்பு. முகம் கெட்டவனுக்கு உடல் வலியைவிடப் பார்க்கிறவர்களின் பார்வையே பெரிய வலி என்பதைக் கில்லீஸ் தினமும் கண்டார்.

இந்தியா கொடுத்த பாடம்

மூக்கை இழந்தவர்களுக்கு அவர் நெற்றித் தோலைத் திருப்பி இறக்கி மூக்குச் செய்தார். இந்த வித்தை நம் நாட்டிலிருந்து போனது. மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர் திப்புவின் படையிடம் பிடிபட்டு மூக்கறுபட்டார். புனா பக்கத்தில் செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலால் அவருக்கு மூக்கு வைத்தார். 1794-ல் லண்டன் பத்திரிகையில் இந்தச் செய்தி படத்துடன் வந்தது. அதைப் படித்த கார்ப்யூ என்ற டாக்டர் 1814-ல் லண்டனில் அதைச் செய்து காட்டினார். பேர் தெரியாத அந்த வைத்தியரின் கைவேலை, நூறு வருஷம் கழித்து மூக்கிழந்த வீரர்களுக்கு உதவியது.

கில்லீசுக்குத் தோல்வியும் உண்டு. தீயில் கருகிய ஓர் இளம் விமானிக்கு முகம் முழுவதையும் ஒரே தடவையில் மாற்றப் பார்த்தார். ஒட்டிய தோல் அழுகி, 1918-ல் அந்த வாலிபன் இறந்தான். அன்றிலிருந்து அவசரத்தை விட்டார். முகத்தைப் படிப்படியாகத்தான் கட்ட வேண்டும் என்பது அவருடைய சட்டமாயிற்று.

பிளவு உதட்டுக்கு வந்த வழி

போர் முடிந்ததும், கற்றதைப் பிறவிக் குறைகளுக்குத் திருப்பினார். 1921-ல் அவரும் பல் டாக்டர் பிரையும் சேர்ந்து அண்ணப் பிளவு பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். ஓட்டையை மூடினால் மட்டும் போதாது, குழந்தைக்குப் பேச்சு தெளிவாக வர வேண்டும் என்பதே அதன் சாரம். அவர்கள் சொன்ன ஆபரேஷன் முறை நிலைக்கவில்லை. அந்த நோக்கம் நிலைத்தது.

1930-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1946-ல் பிரிட்டிஷ் பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம் தொடங்கியபோது முதல் தலைவர் அவரே. தொழில் ரகசியத்தைப் பூட்டி வைக்காமல், செய்ததையும் தவறியதையும் கூடிப் பேச அந்தச் சங்கம் இடம் கொடுத்தது. அமெரிக்காவில் 1943-லேயே, பல் டாக்டர் ஹெர்பர்ட் கூப்பரின் முயற்சியால் அண்ணப் பிளவுக்கென்று தனிச் சங்கம் பிறந்திருந்தது. கில்லீசின் மாணவர் மில்லார்டு, பிளந்த உதட்டின் ஒரு பக்கத்தைச் சுழற்றி இறக்கி, மறுபக்கத்தை முன்னே கொண்டுவந்து தைக்கும் முறையை 1955-ல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் எடுத்துரைத்தார். அது உலகெங்கும் பரவியது.

இந்தியாவிலும் 1957-ல் பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம் அமைந்தது. அடுத்த ஆண்டு நாகபுரி மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சி. பாலகிருஷ்ணன் இதற்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். பிளவுகளை வகை பிரிக்க அவர் 1975-ல் வெளியிட்ட முறைக்கு நாகபுரி முறை என்றே பெயர். இப்போது உதடு, அண்ணப் பிளவுக்கென்றே ஓர் இந்தியச் சங்கமும் இருக்கிறது. அதில் சர்ஜன்களோடு பல் டாக்டர்களும் பேச்சுப் பயிற்சியாளர்களும் சமமாக உட்காருகிறார்கள்.

கத்தியோடு போன உயிர்

1960 ஆகஸ்டு மாதம், தமது 78-வது வயதில், ஓர் இளம்பெண்ணின் காலில் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தபோது கில்லீசுக்கு மூளையில் ரத்த அடைப்பு ஏற்பட்டது. செப்டம்பர் 10-ந்தேதி லண்டனில் காலமானார்.

அவர் விட்டுப்போன பாடம் லிங்கராஜபுரத்து வீட்டுக்கும் உதவும். பிளவோடு பிறந்த குழந்தையைத் தலை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையில் தாய்ப்பால் புகட்டலாம். உதட்டு ஆபரேஷன் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதத்தில் செய்கிறார்கள். அண்ணத்தை ஒன்பது முதல் பதினெட்டு மாதத்துக்குள் மூடுகிறார்கள். பிந்தினால் பேச்சு மூக்கில் தங்கிவிடும். அதன்பின் பேச்சுப் பயிற்சி, பல் வரிசை என்று வரிசையாக வரும், நடுவில் நிறுத்திவிடக்கூடாது. 2013-ல் மத்திய அரசு தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தில் இந்தக் குறையும் சேர்ந்திருக்கிறது. இலவசமாக ஆபரேஷன் செய்யும் ஆஸ்பத்திரிகளும் உண்டு. கூலி வேலைக்காரர் கடன் வாங்க வேண்டியதில்லை. விசாரித்துப் போனால் போதும்.

குறையோடு பிறந்தவர்களை ஒதுக்காமல் கூடிக் கவனிப்பது லிங்கராஜபுரத்துக்குப் புதிதல்ல. மாற்றுத்திறனாளிகளுக்காக 1959-ல் தோன்றிய ஏ.பி.டி. சங்கம் இங்கேதான் இயங்குகிறது. சிட்கப்பில் நீல பெஞ்சு போட்டது அந்தக் காலம். இங்கே குழந்தையைச் சேலைக்குள் மறைக்கத் தேவை இல்லை. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டியதுதான்.