கரிசல் சீமையின் பங்குக் குரு வீரமாமுனிவர்

வீரமாமுனிவர் என்றதும் நம் நினைவுக்கு வருவன தேம்பாவணியும் சதுரகராதியுமே. தமிழ்ப் பாடநூலில் அவரைப் பற்றிப் படித்திருக்கிறோம். தேர்வுகளில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். 1968ஆம் ஆண்டு சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினா கடற்கரையில் நிறுவப்பெற்ற சிலைகளுள் அவர் சிலையும் ஒன்று என்பதையும் அறிவோம். ஆனால் அந்தப் பெரும்புலவர், நம் கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியில் பங்குக் குருவாகப் பணியாற்றியவர் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

புலவர் வீரமாமுனிவரைப் பற்றி அறிஞர் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆகவே பங்குக் குரு வீரமாமுனிவரைப் பற்றி இங்கே சிறிது காண விழைகிறோம். ஒரு பங்கு எதனால் நிற்கிறது? பணத்தாலா, கட்டடத்தாலா, குருவாலா, மக்களாலா? ஒவ்வொரு பங்கிலும் ஆண்டு வரவு செலவுக் கணக்கை வாசிக்கும்போது எழும் இக்கேள்விக்கு அவருடைய வாழ்விலே ஒரு நல்ல விடை கிடைக்கிறது.

இளமையும் வருகையும்

இத்தாலி நாட்டில், மாந்துவா நகருக்கு அருகே உள்ள காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் அவர் பிறந்தார். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்பது அவருடைய இயற்பெயர். மாணவர்களின் பாதுகாவலரான புனித ஞானப்பிரகாசியார் 1568இல் பிறந்ததும் அதே ஊரில்தான். கொள்ளை நோய் கண்டவர்களுக்குப் பணிவிடை செய்து இளம் வயதிலேயே உயிர் நீத்தவர் அப்புனிதர். அவருடைய வரலாற்றைக் கேட்டு வளர்ந்த ஊரிலிருந்து வந்த பெஸ்கி, 1698இல் சேசு சபையில் சேர்ந்தார். 1710இல் கப்பலேறிக் கோவாவை அடைந்து, 1711இல் மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார்.

தத்துவ போதக சுவாமி என நம் நாட்டார் அழைத்த ராபர்ட் தே நொபிலி 1606இல் மதுரையில் தொடங்கிய மிஷன் அது. அருளானந்தர் என்னும் புனித ஜான் தே பிரிட்டோ, 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் இரத்தம் சிந்தி உயிர் கொடுத்து இன்னும் இருபது ஆண்டுகள் ஆகாத காலம் அது. வருகிறவருக்குத் தாம் எங்கே வருகிறோம் என்பது நன்றாகத் தெரியும். தெரிந்தே வந்தார். தம் பெயரின் பொருளைத் தழுவித் தைரியநாதர் என்று தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டார். வீரமாமுனிவர் என்பது பின்னர் வழங்கிய பெயர்.

கரிசல் பங்கின் ஓர் ஆண்டு

அவர் பணியாற்ற வந்த கரிசல் சீமை எப்படிப்பட்டது என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசியில் மழை விழுந்தால் விதைப்பு. கம்பு, சோளம், உளுந்து, பருத்தி என்று மானாவாரிப் பயிர்கள். தை, மாசியில் தானியம் களத்துக்கு வரும். அதன்பின் பருத்தி வெடிக்கும். மழை பொய்த்தால் வீட்டிலும் ஒன்றும் இராது. கோயிலிலும் ஒன்றும் இராது.

காமநாயக்கன்பட்டிக் கோயில் பரலோக மாதா கோயில். தேவமாதா ஆன்மாவோடும் உடலோடும் விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்பதைத் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1950ஆம் ஆண்டில்தான் விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். அதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் கரிசல் மக்கள் அந்தப் பெயரால் அன்னையைப் போற்றி வந்தார்கள் என்பது நமக்கெல்லாம் பெருமை தருவதாகும். ஆகஸ்ட் 15ஆம் நாள் திருநாள். இன்றும் கொடியேற்றத்தோடு தொடங்கிப் பத்து நாள் விழாவாக அது நடைபெறுகிறது. சப்பரம் வீதியில் வரும்போது அதன் பின்னே மக்கள் தரையில் விழுந்து விழுந்து எழுந்து கும்பிடு சேவை செய்வதைப் பார்க்கிறவர் கண்கள் கலங்காமல் இருப்பதில்லை.

இதிலே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். ஆகஸ்ட் மாதம் நமக்கு ஆடியும் ஆவணியும் சேரும் காலம். பழைய விளைச்சல் தீர்ந்து, புது மழை வராத காலம். கைக்கு வேலை குறைவு. மடியில் காசும் குறைவு. அந்த நேரத்தில் திருநாள் வருகிறது. தலைக்கட்டு வரியும், கோழியும் ஆடும் தானியமுமாக வரும் காணிக்கையும் மக்கள் தங்கள் நிறைவிலிருந்து கொடுப்பன அல்ல, குறைவிலிருந்து கொடுப்பன. நற்செய்தியில் வரும் ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கையை ஆண்டவர் உயர்த்திப் பேசியதன் பொருள் கரிசல் காட்டில் நன்றாக விளங்கும்.

குருவும் உபதேசியாரும்

அன்றைய மதுரை மிஷனின் பணநிலை மிக மெலிந்தது. போர்த்துக்கல் அரசர் தரும் மானியமும் ஐரோப்பிய உபகாரிகளின் உதவியும் கடல் கடந்து வர வேண்டும். கப்பல் தாமதித்தால் பணமும் தாமதிக்கும். வந்த பணத்திலும் உபதேசியார்களுக்குக் கொடுக்க வேண்டிய படி இருந்தது. கோயில்கள் பெரும்பாலும் மண்சுவரும் கூரையுமாகவே இருந்தன. குருக்கள் காவியுடுத்து, புலால் நீக்கி, எளிய உணவு உண்டு, கால்நடையாக ஊர் ஊராகச் சென்றார்கள்.

பிற்காலத்தில் எழுதப்பட்ட வரலாறுகளில் வீரமாமுனிவர் பல்லக்கில் ஏறி, பட்டாடை உடுத்து, ஆடம்பரமாகச் சென்றார் என்ற செய்திகள் உண்டு. கரிசல் பங்கிலே வாழ்ந்த தொடக்க ஆண்டுகளுக்கு அவை பொருந்தா. அங்கே அவருக்கு ஆபத்தே துணையாக இருந்தது. 1714, 1715ஆம் ஆண்டுகளில் பகைவர்களால் பிடிக்கப்பட்டு, மரண தண்டனைக்கு உள்ளாகி, அருந்தலாகத் தப்பினார். ஓரியூரில் அருளானந்தருக்கு வாய்த்த முடிவு இவருக்கும் வாய்த்திருக்கக்கூடும். அவ்வாறு நிகழ்ந்திருந்தால் தேம்பாவணியும் இல்லை, சதுரகராதியும் இல்லை.

ஒரு குருவுக்கு அன்று பல ஊர்கள். ஓர் ஊருக்கு அவர் மறுபடி வந்து சேரப் பல மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் பங்கை நடத்தியவர் யார்? உபதேசியார்தான். ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொல்வித்தவர் அவர். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்தவர் அவர். சாகும் தறுவாயில் உள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும், நோயாளியின் தலைமாட்டில் இருந்து நல்ல மரணத்துக்கு ஆயத்தம் செய்ததும், ஊரில் மூண்ட சண்டையைத் தீர்த்து வைத்ததும் அவரே.

இதைக் கண்ணாரக் கண்டவர் வீரமாமுனிவர். ஆகவேதான் தேம்பாவணி பாடிய அதே கையால் 1727இல் வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை எழுதினார். வேதியர் என்று இங்கே அவர் குறித்தது உபதேசியார்களைத்தான். அவர்கள் எத்தகைய வாழ்வு வாழ வேண்டும், எப்படி மக்களுக்கு உழைக்க வேண்டும் என்பதை அந்நூல் எடுத்துரைக்கிறது. தமிழ் உரைநடை வளர்ச்சியில் அதற்குத் தனி இடம் உண்டு என்று அறிஞர் கூறுவர். நமக்கோ அதன் சிறப்பு வேறொன்றாகவும் படுகிறது: தாம் இல்லாத நாளிலும் பங்கு வாழ வேண்டும் என்று நினைத்த ஒரு குரு எழுதிய நூல் அது.

வடக்கே சென்ற பின்

பின்னர் அவர் வடக்கே அனுப்பப்பட்டார். விருத்தாசலத்துக்கு அருகே கோனான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பினார். அரியலூர்ப் பகுதியில் கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னையின் கோயிலைக் கட்டி, அவ்வூரைத் திருக்காவலூர் என்று தமிழ்மணக்க அழைத்தார். திருக்காவலூர்க் கலம்பகம் அவ்வன்னைக்கு அவர் சூட்டியது. அரியலூர் மழவராயர் தம் நோய் தீர்ந்த நன்றியாகக் கோயிலுக்கு நிலம் கொடுத்தார் என்பது அங்குள்ள மரபு. கரிசல் சீமையிலும் எட்டையபுரம் பாளையக்காரர்களின் ஆதரவு காமநாயக்கன்பட்டிக் கோயிலுக்கு இருந்தது. வேற்றுச் சமயத்தவரான ஆட்சியாளர் நிலமும் நிழலும் தந்து காத்ததால் வளர்ந்தவை நம் பழைய பங்குகள் என்பதை நன்றியோடு நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஏலாக்குறிச்சியில் இருந்த நாட்களே அவருடைய தமிழ்ப்பணி கனிந்த நாட்கள். 1726இல் தேம்பாவணி நிறைவுற்றது. மூன்று காண்டம், 36 படலம், 3,615 பாடல்கள். பாட்டுடைத் தலைவர் யார்? உழைத்து உண்ட தச்சரான புனித சூசையப்பர். அவரை வளன் என்று அழகுத் தமிழில் அழைத்தார். 1730இல் தொன்னூல் விளக்கம். 1732இல் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகொண்ட சதுரகராதி. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வரிவடிவில் மயங்கி நின்ற குறையைத் தீர்த்தவரும் அவரே. நாம் நாள்தோறும் எழுதும் இரட்டைக்கொம்பும் ஏகாரமும் அவர் நினைவைச் சுமந்து நிற்கின்றன. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்து மேனாட்டார் கையில் கொடுத்தார்.

தரங்கம்பாடியிலிருந்த லுத்தரன் சபையாரோடு அவர் நடத்திய வாதம் சில நூல்களில் கடுமையாகவே இருக்கிறது. கிறிஸ்தவ சபைகள் நட்போடு பழகும் இக்காலத்தில் அந்தக் கடுமை நமக்கு உவப்பாக இல்லை. ஆயினும் கொடுந்தமிழைப் பற்றி இலத்தீனில் அவர் எழுதிய இலக்கணம் 1738இல் அச்சேறியது அதே தரங்கம்பாடி அச்சகத்தில்தான்! கொள்கையில் முரண்பட்டவர்களைத் தமிழ் ஒன்று சேர்த்து வைத்தது என்று மகிழலாம்.

திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றிய சந்தா சாகிபின் நட்பும் மதிப்பும் அவருக்கு இருந்தன. 1741இல் மராட்டியர் அந்நகரைப் பிடித்தபோது அந்த நிழலும் போயிற்று. முதுமையில் தெற்கே வந்து, கேரளத்தில் அம்பழக்காடு என்னும் ஊரில் 1747 பிப்ரவரி 4ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அருளானந்தர் உயிர் கொடுத்ததும் ஒரு பிப்ரவரி 4 அன்றுதான்.

குரு இல்லாத காலம்

அவர் மறைந்தபின் வந்த சோதனை பெரிது. 1759இல் போர்த்துக்கல் அரசு சேசு சபையாரைத் தன் நாட்டிலிருந்து வெளியேற்றியது. ஐரோப்பாவிலிருந்து வந்த உதவி நின்றது. 1773இல் திருத்தந்தை 14ஆம் கிளமெந்து அச்சபையையே கலைத்தார். 1814இல் சபை மீண்டும் உயிர் பெற்றது. ஆயினும் பிரெஞ்சு நாட்டுச் சேசு சபைக் குருக்கள் மதுரை மிஷனுக்கு வந்து பணி தொடங்க 1838 ஆயிற்று. இடையில் ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகள்! கோவாவிலிருந்து வந்த குருக்கள் இருந்தார்கள்; ஆனால் பரந்த சீமைக்கு அவர்கள் மிகச் சிலரே.

பணம் நின்றது, குருக்கள் குறைந்தார்கள், மண்கோயில்கள் மழையில் கரைந்தன. விசுவாசம் மட்டும் கரையவில்லை. உபதேசியார் செபம் சொல்வித்தார். கோயிற்பிள்ளை விளக்கேற்றினார். தாய்மார்கள் அந்திக் கருக்கலில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பரலோக மந்திரத்தையும் அருள்நிறை மந்திரத்தையும் மனப்பாடம் செய்வித்தார்கள். எழுத்தறியாத அந்தத் தாய்மார்களில் ஒருவருடைய பெயரும் வரலாற்றில் இல்லை. ஆனால் அவர்கள் இல்லாமல் இன்று நம் பங்குகள் இல்லை. 1973இல் பாளையங்கோட்டை மறைமாவட்டம் உருவானபோது அது வெறும் நிலத்தில் தோன்றவில்லை. அந்தத் தாய்மார்கள் காத்துக் கொடுத்த நிலத்தில் தோன்றியது.

நமக்கு ஒரு பாடம்

இப்போது நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை கூறலாம். பணம் வேண்டாததன்று. கோயிலுக்கு ஓடு மாற்றவும், திருநாள் நடத்தவும், வின்சென்ட் தே பவுல் சபையார் ஏழை வீட்டுக்கு அரிசி கொண்டுபோகவும் அது வேண்டும். நேர்மையான கணக்கும் வேண்டும். கட்டடமும் வேண்டும். குருவோ இன்றியமையாதவர். ஆனால் இவை எல்லாம் ஒரு காலத்தில் குறையும். ஒரு மழை பொய்த்தாலே குறையும். அப்போது பங்கைத் தாங்குகிறவர்கள், எவரும் கேளாமலே பொறுப்பை ஏற்றுக்கொள்ளும் எளிய மக்கள். இதை அறிந்து அவர்களை ஆயத்தம் செய்தவரே நல்ல குரு. வீரமாமுனிவர் அத்தகைய குருவாய் விளங்கினார்.

மாணவியரே! தேம்பாவணியைப் போல ஒரு காவியம் இயற்ற நம்மால் இயலாதிருக்கலாம். நம் தெருவிலே, பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டுத் தீப்பெட்டி வேலைக்குப் போகும் ஒரு தங்கைக்கு மாலையில் எழுத்துச் சொல்லிக் கொடுக்க இயலும். நடமாட முடியாத ஒரு பாட்டியின் அருகில் அமர்ந்து செபமாலை சொல்ல இயலும். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சிறு பிள்ளைகளுக்குத் துணை நிற்க இயலும். வரவு செலவுக் கணக்கில் இவை ஏறுவதில்லை. இவை இருக்கும்வரை கரிசல் மண்ணில் எந்தப் பங்கும் ஏழைப் பங்கு ஆகாது.